கைப்பேசி யாருக்கு ஊழியம் செய்கிறது?

நம் இல்லத்திற்கு வரும் கடிதத்தை அயலார் பிரித்துப் படித்தால் பொறுப்போமா? ஆயினும் நாம் செல்லுமிடத்தையும் தேடுவதையும் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி பெரு நிறுவனங்களுக்கு அறிவித்துக்கொண்டிருப்பதை நாம் பொருட்படுத்துவதில்லை.

இதற்கு மாற்று உண்டு. ஆண்ட்ராய்டின் மூல நிரலைக் கூகுள் நிறுவனமே எவரும் எடுத்தாளும்படி வெளியிடுகிறது. அதைக் கொண்டு, கூகுள் செயலிகளின்றி இயங்கும் அமைப்புகளைப் பிறர் ஆக்கியுள்ளனர். அவற்றுள் பாதுகாப்பிற் பெயர்பெற்ற கிராபீன் ஓஎஸ், கூகுளின் பிக்சல் கைப்பேசிகளிலேயே நிறுவப்படுவது வியப்பே. பிரெஞ்சு நாட்டவரான கேல் துவால் தொடங்கிய ஈ ஓஎஸ், நெதர்லாந்தின் ஃபேர்ஃபோனில் நிறுவப்பெற்றே விற்பனைக்கு வருகிறது. செயலிகளுக்கு, 2010இல் தோன்றிய எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியம் உண்டு. கூகுள் கணக்கு வேண்டுவதில்லை.

வாங்குமுன் மூன்றினை ஆராய்தல் வேண்டும். முதலாவது, பூட்லோடர் எனும் தொடக்கப் பூட்டைத் திறக்க இயலுமா? சில தொலைபேசி நிறுவனங்கள் விற்கும் கருவிகளில் இயலாது. இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும்? 2023இல் வெளிவந்த பிக்சல் 8க்கு 7 ஆண்டுகள். பழைய கருவி மலிவெனினும், திருத்தம் நின்றுபோயின் காவலற்ற வீடாகும். மூன்றாவது, உங்கள் வங்கிச் செயலி இயங்குமா? கூகுளின் சான்று பெறாத கைப்பேசியில் சில செயலிகள் இயங்க மறுக்கும்.

முழு மறைவு எக்கருவியிலும் கிட்டாது. இருக்குமிடத்தைத் தொலைபேசிக் கோபுரம் அறிந்தே தீரும். எனினும், குடும்பத்தின் செய்திகளுள் எதை, யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குடும்பத்தாரே தீர்மானிக்கலாம் அன்றோ?