வெயில் காலமும் விரால் மீனும்

புக்கிட் பெலண்டோக் என்றதும் பலருக்கு 1998, 1999ஆம் ஆண்டுகளில் பரவிய நிப்பா கிருமிதான் நினைவுக்கு வரும். அங்குள்ள தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கோ செம்பனைகளுக்கு நடுவில் இருக்கும் குளம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. "வெயில் காலத்தில் குளத்தில் மீன் சிக்குமா?" என்று பல்கலைக்கழக நண்பர்கள் கேட்பதுண்டு. சிக்கும். எப்போது, எப்படி என்பதோடு எதைப் பிடிக்கக்கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் கோடை என்று தனிப் பருவம் இல்லை. ஆயினும் நெகிரி செம்பிலானில் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைந்து குளம் வற்றத் தொடங்கும். நீர் சூடாகும்போது அதில் கரையக்கூடிய உயிர்வளி குறைகிறது. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 32 பாகையில் சுமார் 7.3 மில்லிகிராம்தான். பகலில் நீர்ச்செடிகள் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவில் அவையும் அதைச் சுவாசிக்கின்றன. ஆகவே, விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும். அந்நேரத்தில் திலாப்பியா மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் விரால் மீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காற்றையே சுவாசிக்க உதவும் உறுப்பு அதற்குச் செவுளுக்கு மேலே இருக்கிறது. ஆனால், அது கட்டாயம் மேலே வந்தாக வேண்டும். வரவிடாமல் தடுத்தால் நீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். இதுவே தூண்டில்காரருக்குக் கிடைக்கும் துப்பு. காலை ஏழு மணிக்குள் கரையில் அசையாமல் நில்லுங்கள். உங்கள் நிழல் நீரில் விழக்கூடாது. கங்கோங் கொடி ஓரத்திலோ ஆகாயத்தாமரை இடுக்கிலோ 'பளக்' என்று ஒரு சத்தம் கேட்டு வட்டமாக அலை எழும். ரப்பர் தவளையை அந்த இடத்தின்மேல் போடாமல் சற்றுத் தள்ளிப் போட்டு, விட்டுவிட்டு இழுத்து வாருங்கள். விரால் பாய்ந்ததும் பதறிச் சுண்டினால் தவளை மட்டும்தான் கைக்கு வரும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுச் சுண்ட வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் ரப்பர் தவளை ஏது? மூங்கில் கழியைக் கரையில் சாய்த்து ஊன்றி, உயிர்த் தவளையைக் கோத்து நீரில் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பார்கள். மலாய்மொழியில் இதற்குத் தாஜூர் என்று பெயர்.

இன்று பல குளங்களிலும் பழைய ஈயக்குட்டைகளிலும் ராஜா எனப்படும் பீக்காக் பாஸ் மீனும் உண்டு. பெயரில்தான் பாஸ்; உண்மையில் இது திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்த தென்னமெரிக்க மீன். அமெரிக்காவின் பாஸ் மீன் கோடையில் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போகும். ராஜாவோ வெப்பத்தை விரும்பும் மீன். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால் பகலில்தான் கடிக்கும். விழுந்து கிடக்கும் மரம், மதகோரம் போன்ற இடங்களில் பளபளக்கும் சிறு கரண்டி இரையை வேகமாக இழுத்தால் துரத்தி வந்து பிடிக்கும்.

இனி, பிடிக்கக்கூடாத மீனைப் பற்றி. நான் மூன்றாம் படிவம் படித்தபோது அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் புண் ஆற விரால் சூப் கொடுப்பது நம் நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள பழக்கம். அன்று குளத்தில் செம்பு நிறத்தில் சிறு குஞ்சுகள் கூட்டமாய் மேலே வந்து போவதைக் கண்டேன். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டதும் பெரிய விரால் ஒன்று பாய்ந்து மாட்டிக்கொண்டது. பெருமையோடு வீட்டுக்குக் கொண்டு போனேன்.

"எங்கடா புடிச்ச?" என்றார் தாத்தா. சொன்னேன்.

"அது பசிக்குக் கடிக்கலடா. குஞ்சக் காப்பாத்தத்தான் கடிச்சிருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். வெகுநேரம் நின்றும் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைக் காணவில்லை. காவல் இல்லாத குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகியிருக்கும். ஒரு மீனைப் பிடித்ததாக நினைத்திருந்தேன். ஒரு தலைமுறையையே பிடித்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது ராஜாவின் கதை. 1960களின் இறுதியில் பனாமாவின் காத்துன் ஏரிக்குள் இம்மீன் புகுந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கு ஏராளமாக இருந்த உள்நாட்டுச் சிறு மீன் இனங்கள் பல காணாமற்போனதை ஸாரெட், பெயின் என்னும் ஆய்வாளர்கள் 1973இல் எழுதினார்கள். நம் குளங்களுக்கும் அந்நிலை வரக்கூடாது. ஆகவே, பிடித்த ராஜாவைச் சமைத்துச் சாப்பிடுங்கள். வேடிக்கைக்காகக்கூட உயிரோடு எடுத்துப்போய் வேறு குளத்தில் விடாதீர்கள்.

மீன்பிடிக்கப் போகும் நண்பர்கள் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுச் செல்லுங்கள். காலில் புண் இருந்தால் நீரில் இறங்க வேண்டாம்; எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். செம்பு நிறக் குஞ்சுகள் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போங்கள்.

அக்கா மகன் இப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்குப் போகும்போது அவனையும் குளத்துக்கு அழைத்துப் போகிறேன். தூண்டிலை இன்னும் அவன் கையில் கொடுக்கவில்லை. குஞ்சுகளை அடையாளம் காணத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன்.