ஆட்டுக்கிடையும் நம்ம வயலும்



குற்றால அருவியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நம்ம தென்காசிப் பக்கத்து வயல்களில் கூட்டம் கூட்டமாக மேயும் செம்மறி ஆடுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. எங்க தாத்தா ஆடு மேய்ப்பவர். அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் எழுதுகிறேன்.

கிடை என்றால் என்ன?

மாசி, பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும் நிறைய வயல் சும்மா கிடக்கும். அப்போது நாலைந்து குடும்பத்து ஆடுகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். பகலில் அறுத்த தாள், வரப்பு, குளத்துக்கரை, புறம்போக்கு என்று மேயும். ராத்திரி ஒரு வயலில் வலை கட்டி அடைப்பார்கள். அதுதான் கிடை. மறுநாள் வலையை அடுத்த இடத்துக்கு மாற்றுவார்கள். ஒரே இடத்தில் போட்டால் உரம் ஒரு பக்கமே குவிந்துவிடும்.

யாருக்கு லாபம்?

இரண்டு பேருக்கும்தான். ஆட்டுக்கு மேய்ச்சல், ஆட்டுக்காரருக்குக் கூலி, வயல்காரருக்கு உரம். ஆட்டு மூத்திரத்திலும் புழுக்கையிலும் தழைச்சத்து இருக்கிறது. ஆடுகளே மிதித்து மண்ணோடு சேர்த்துவிடும். வண்டி வைத்து எரு அடிக்க வேண்டாம். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இதற்கு எழுதி வைக்காத சட்டமும் உண்டு.

1. பக்கத்து வயலும் அறுத்த பிறகே ஆட்டை இறக்க வேண்டும்.
2. உளுந்து போட்ட வயல் பக்கம் காவல் நிற்க வேண்டும்.
3. மருந்து அடித்திருந்தால் வயல்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
4. தாளுக்குத் தீ வைக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காவல் நின்றேன். வேப்பமர நிழலில் தூங்கிட்டேன். ஆடு ஒருத்தர் உளுந்துக்குள் இறங்கிருச்சு! பயந்து அழுதேன். தாத்தா உடனே போய், "தப்பு எங்க மேலதான், அழிவுக்கு என்ன தரணும்?" என்று கேட்டார். அவர் பணம் வாங்கலை. "ரெண்டு ராத்திரி சும்மா கிடை போடுங்க, போதும்" என்றார். திரும்பி வரும்போது தாத்தா, "ஏட்டி, இந்தத் தொழிலு ஆட்டை நம்பி இல்ல, ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் நடக்கு" என்றார்.

மலையில் மேய்க்கலாமே என்று கேட்பீர்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களில் ஆடுமாடு மேய்க்கத் தடை விதித்தது. நம்ம மலையிலும் நெல்லை வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. மிருகங்களுக்கும் இடம் வேண்டும்தானே? அப்படியென்றால் வயலும் குளமும் புறம்போக்கும்தான் எங்களுக்கு மிச்சம். அங்கேயும் பிளாட் கல் நட்டுக்கிட்டே வர்றாங்க. "ஆட்டை வித்துரலாம்" என்று அப்பா சொல்ல ஆரம்பிச்சுட்டார். தாத்தா பதிலே சொல்லலை.

ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. உலகமே பேசுகிறது, நாமும் பேசுவோமே! உங்க வீட்டில் வயல் இருந்தால் இந்த அறுப்புக்குப் பிறகு ஒரு ராத்திரியாவது கிடை போடச் சொல்லுங்க. மேய்ச்சல் புறம்போக்கைக் காப்பாற்ற கிராம சபையில் பேசச் சொல்லுங்க.

ஆடு நடந்த வயல் விளையும். நீங்க இடம் கொடுத்தால்தான் ஆடு நடக்கும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி