உஷார்! மேல் பல் ஆடுகிறதா? உடனே சர்க்கரையைப் பாருங்கள்

சர்க்கரை நோயாளிகளே, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளே, இதை இப்போதே படியுங்கள். நேற்றுவரை கெட்டியாக இருந்த மேல்தாடைப் பற்கள் திடீரென இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஆடுகின்றனவா? பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் எலும்பு தெரிகிறதா? பல் வலிதானே என்று கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மியூகர்மைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் இப்படியும் தலைகாட்டும். விட்டால் மூளைவரை போகும்.

2021 கொரோனா இரண்டாம் அலையில் ஊரையே நடுங்கவைத்த கருப்புப் பூஞ்சைதான் இது. அந்த ஆண்டு ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் தாக்கி, 4,300 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. கொரோனாவோடு அதுவும் ஒழிந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொரோனாவுக்கு முன்பும் அது இங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது.

மண்ணிலும் காற்றிலும் இதன் வித்துகள் எப்போதும் உண்டு. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை எகிறிய உடம்பிலும், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களிடமும்தான் முக்கியமாக வேரூன்றும். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கும் கன்னத்துச் சைனஸுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான். பெரும்பாலும் மூக்கு வழியாகவும், சிலருக்குப் பல் பிடுங்கிய புண் வழியாகவும் நுழையும் பூஞ்சை, ரத்தக்குழாய்களை அடைக்கிறது. ரத்தம் வராத சதையும் எலும்பும் செத்துப்போகின்றன. அண்ணத்தில் தெரியும் கறுப்பு அந்தச் செத்த சதைதான். அடுத்து கண்குழி, அதன் பின்னால் மூளை. சில நாட்களே போதும்.

கன்னம் மரத்துப்போவது, ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது, கண் வீக்கம், இமை இறங்குவது, உருவம் இரண்டாகத் தெரிவது: இதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு நிற்காதீர்கள். பல், காது மூக்கு தொண்டை, கண் என மூன்று பிரிவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள். சாதாரண ஆன்டிபயாடிக் இதைத் தொடாது. ஆம்போடெரிசின் ஊசியும், செத்த பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையும் வேண்டும்.

பல் பிடுங்கப் போகுமுன் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை, ஸ்டீராய்டு எடுப்பதைப் பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.