ஒரு இழுப்பு, ஒரு குண்டு: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் எங்கே கோடு போடுகிறது?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ரைஃபிளைக் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். காசு கொடுத்து வாங்கிய பொருள், நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். பிடியை மாற்றலாம், தொலைநோக்கி பொருத்தலாம். ஆனால் தொடர்ந்து சுடும்படி மாற்றக் கூடாது. அப்படி மாற்றிய துப்பாக்கியால் ஒரு குண்டுகூடச் சுட வேண்டியதில்லை. அது உங்கள் கையில் இருந்தாலே குற்றம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கடைகளில் விற்கும் ஏஆர்-15 போன்றவை செமி-ஆட்டோமேட்டிக் வகை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்த குண்டு தானாகவே ஏறி நிற்கும். ஆனால் அதைச் சுட, விசையை விட்டுவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். ராணுவத்தின் எம்16 அப்படியல்ல. அதில் ஒரு திருகியைத் திருப்பி, ஒவ்வொன்றாகவும் சுடலாம், தொடர்ச்சியாகவும் சுடலாம். இதைத்தான் செலக்டிவ் ஃபயர் (சுடும் முறையைத் தேர்ந்துகொள்ளும் வசதி) என்கிறார்கள்.

சட்டம் எதைப் பார்க்கிறது? விசையின் ஒரே இயக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் தானாக வெளிவந்தால் அது 'மெஷின் கன்'. துப்பாக்கி எவ்வளவு பெரியது, பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டு வந்தாலே போதும்.

இந்தத் தடை எப்போது வந்தது? 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் மெஷின் கன்னைத் தடைசெய்யவில்லை. அரசிடம் பதிவு செய்ய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்று மட்டுமே சொன்னது. அந்நாளில் அது பெருந்தொகை. கதவு மூடியது 1986-இல். அந்த ஆண்டு மே 19-க்குப் பிறகு உருவான எந்த மெஷின் கன்னையும் தனியாள் வைத்திருக்கக் கூடாது என்று புதிய சட்டம் வந்தது. நீங்கள் இன்று ஒரு ரைஃபிளை மாற்றினால், அது இன்று உருவான மெஷின் கன். ஆகவே வரி கட்டுகிறேன், பதிவு செய்கிறேன் என்று விண்ணப்பித்தாலும் அனுமதி கிடைக்காது.

அப்படியானால் சிலர் சட்டப்படி வைத்திருக்கிறார்களே? அவை 1986 மே 19-க்கு முன்பே பதிவானவை. கைரேகை, புகைப்படம், 200 டாலர் வரி, அரசின் ஒப்புதல் எல்லாம் முடிந்தபின் அவற்றைக் கைமாற்றலாம். புதிதாகச் சேர வழியில்லாததால் ஒவ்வொன்றும் பல்லாயிரம் டாலருக்கு விற்கிறது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் சாதாரண மக்களுக்கு அதற்கும் இடமில்லை. உரிமம் பெற்ற தயாரிப்பாளர்கள் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் புதியவற்றைச் செய்யலாம். அவை பொதுமக்கள் கைக்கு வரக் கூடாது.

துப்பாக்கியை மாற்றவில்லை, உதிரிபாகத்தை மட்டும் வாங்கி வைத்தால்? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றுவதற்கென்றே செய்த பாகம் தனியாகவே மெஷின் கன் என்று சட்டம் சொல்கிறது. அது கட்டைவிரல் அளவே இருந்தாலும், ரைஃபிளே உங்களிடம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். இணையத்தில் 'சாவிக்கொத்து', 'அலங்காரப் பொருள்' என்று பெயர் சூட்டி விற்றாலும் பொருள் மாறாது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வீட்டிலேயே செய்தாலும் இதே சட்டம்தான்.

'பம்ப் ஸ்டாக்' வைத்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே? சொன்னது. சுடும்போது எழும் உதைப்பைப் பயன்படுத்தி வேகமாகச் சுட உதவும் பிடி அது. 2017-இல் லாஸ் வேகாஸ் படுகொலையில் பயன்பட்டதால் அரசு அதை மெஷின் கன் பட்டியலில் சேர்த்தது. 2024 ஜூனில் நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அந்தப் பிடியிலும் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக இயங்குகிறது என்பதே காரணம். ஆக, தீர்ப்பு அந்த ஒரு கருவிக்குத்தான். மெஷின் கன் தடை அப்படியே இருக்கிறது. பல மாநிலங்கள் பம்ப் ஸ்டாக்கையும் தம் சொந்தச் சட்டத்தால் தடுத்துள்ளன.

எனக்குத் தெரியாமலே துப்பாக்கி அப்படிச் சுட்டால்? 1994-இல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: துப்பாக்கியை மெஷின் கன் ஆக்கும் அந்தத் தன்மை உங்களுக்குத் தெரியும் என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். விஸ்கான்சினில் ஒருவர் தம் ரைஃபிளை இரவல் கொடுத்தார். சுடுதளத்தில் அது ஒரே இழுப்பில் பல குண்டுகளைப் பொழிந்தது. இயந்திரக் கோளாறு என்ற வாதம் எடுபடவில்லை; 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. உங்கள் துப்பாக்கி ஒரு இழுப்புக்கு இரண்டு முறை வெடித்தால் அத்துடன் சுடுவதை நிறுத்துங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் காட்டிச் சரிசெய்து, அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தண்டனை எவ்வளவு? வைத்திருந்ததற்கே 10 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. வன்முறைக் குற்றத்திலோ போதைப்பொருள் கடத்தலிலோ அதைப் பயன்படுத்தினால், அதற்கு மட்டும் குறைந்தது 30 ஆண்டு.

இது நமக்கு எதற்கு என்று எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, எந்தத் துப்பாக்கியையுமே வைத்திருக்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம்; ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் சிறையோடு முடியாது, நாடு கடத்தவும் சட்டத்தில் இடமுண்டு.

வாங்கிய பழைய வீட்டின் பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? பதிவில்லாத மெஷின் கன்னைக் கண்டெடுத்தவர் இப்போது பதிவு செய்துகொள்ள முடியாது. விற்கவும் முடியாது. காரில் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள், படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரை அழையுங்கள். அவர் மூலம் காவல்துறையிடமோ, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்-இடமோ ஒப்படைத்துவிடுங்கள்.