கொப்பளித்தால் சளிக்காய்ச்சல் பரவாதா?

காலை நேரத்தில் அந்தமானின் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகிற ஃபெர்ரியில் நெருக்கியடித்து நிற்கும்போது, பக்கத்தில் ஒருவராவது இருமுவார். 2020-இல் கொரோனா இந்த ஊரையும் விடவில்லை. வாய் கொப்பளிக்க அப்போது வீட்டுக்குள் வந்த பீட்டாடின் பாட்டில் இன்னும் பல அலமாரிகளில் இருக்கிறது. ‘கொப்பளிச்சிட்டுதான் வந்தேன்’ என்று தைரியமாக இருமுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாயில் நடப்பது

மருந்தில் சரக்கு இல்லாமல் இல்லை. கொரோனா, இன்ஃப்ளூயன்சா வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. பீட்டாடினில் இருக்கும் போவிடோன் அயோடினும், சில மவுத்வாஷ்களில் இருக்கும் செடில்பிரிடினியம் குளோரைடும் ஆய்வகக் குழாயில் இவற்றைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்கின்றன. ஆனால் வாய் ஆய்வகக் குழாய் அல்ல. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். மூக்கிலும் தொண்டையின் அடியிலும் நுரையீரலிலும் பெருகும் வைரஸைக் கொப்பளிக்கும் நீர் தொடுவதே இல்லை. துப்பிய சிறிது நேரத்தில் வாயில் வைரஸ் பழையபடி கூடிவிடும். இருமலில் தெறிப்பதிலும் மூச்சில் மிதப்பதிலும் பல அந்த உள்பகுதிகளிலிருந்து வருபவைதான்.

ஜப்பான் காட்டியது

2005-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 387 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளித்தொல்லை குறைந்தது. அயோடின் மருந்தில் கொப்பளித்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை! ஆனாலும் 2020 ஆகஸ்டில் ஒசாகா ஆளுநர் அயோடின் மருந்தைப் பற்றிப் பேசியதும் கடைகளில் பாட்டில்கள் தீர்ந்துபோயின.

பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள்

புண்ணுக்குப் போடும் பீட்டாடினும் கொப்பளிக்கும் பீட்டாடினும் ஒன்றல்ல. கொப்பளிப்பது 2 சதவீதம். புண் மருந்து அதைவிட வீரியமானது, வாய்க்கு ஆகாது. இரண்டும் ஒரே பழுப்பு நிறம் என்பதால் லேபிளைப் படியுங்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அயோடினைத் தொடக்கூடாது. ஈறுக்குத் தரும் குளோர்ஹெக்சிடினை நாள்கணக்கில் உபயோகித்தால் பல்லில் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

பல் டாக்டர் சிகிச்சைக்கு முன் கொப்பளிக்கச் சொன்னால் தட்டாமல் செய்யுங்கள். தெறிக்கும் எச்சிலில் கிருமியைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்க அது உதவும். தொண்டை கரகரப்புக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும், செலவும் இல்லை.

ஃபெர்ரியில் ஏறும்போது

இருமல் இருந்தால் முகக்கவசம் போடுங்கள், முடிந்தால் காற்றோட்டமான மேல்தளத்தில் நில்லுங்கள், காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பயணமே வேண்டாம். மூச்சு வாங்கினால் பாட்டிலைத் தேடாமல் சுகாதார நிலையத்துக்கு உடனே போய்விடுங்கள்.