தேர்தல் நன்கொடை: கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை



தேர்தல் வந்தால் செங்கல்பட்டு முதல் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வரை நன்கொடை கேட்டு வருவோர் பலர். விரும்பும் கட்சிக்குக் கொடுப்பது நம் உரிமை. முறை தவறிக் கொடுத்தால் நாமே பதில் சொல்ல வேண்டிவரும்.

"கட்சிக்கு செக் கொடுங்கள். கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் தருகிறோம். ரசீதை வைத்து வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று சம்பளக்காரர்களைத் தேடிவரும் தரகர்கள் உண்டு. இதுபோன்ற பொய்க் கழிவுகளைக் குறிவைத்து, 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களிலேயே சுமார் 40,000 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தனர். பிடிபட்டால் வரி, வட்டி, அதோடு ஏய்த்த வரியைப் போல் இரு மடங்கு அபராதம். கட்ட வேண்டியவர் ரசீதில் பெயருள்ளவர்தான். பொய்க் கணக்கால் வந்த பணம் ஹலாலும் ஆகாது.

கட்சி உண்மையானதா என்றும் பாருங்கள். ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலிலும் நிற்காத, அலுவலகமும் கண்டுபிடிக்க முடியாத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது.

நினைவில் வைக்க வேண்டியவை:

• வரிக் கழிவு கேட்பதானால் ஒரு ரூபாயும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

• 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் விவரத்தைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

• வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினரின் பணம் வெளிநாட்டு நன்கொடை. கட்சியோ வேட்பாளரோ அதை வாங்கக் கூடாது. அவருக்காக நம் கணக்கைக் கடன் கொடுக்க வேண்டாம்.

• கல்பாக்கம் அணுமின் வளாகம் போன்ற இடங்களில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்கள் அரசியல் இயக்கத்துக்குச் சந்தா கொடுப்பதை நடத்தை விதிகள் தடுக்கின்றன.

• பள்ளிவாசல் நிதியையும் இடத்தையும் கட்சிக்காகப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் சட்டம் தடை செய்கிறது. எல்லா மதங்களின் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை வரை.

ஜமாஅத் நிர்வாகிகள் கடைசி விஷயத்தில் தனிக் கவனம் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். பைத்துல்மால் பணம் ஏழைகளின் அமானத். நம் ஊர்ப் பிள்ளையே வேட்பாளராக நின்றாலும், அவருக்குக் கொடுப்பது நம் சொந்தப் பணமாக இருக்கட்டும். ஏற்கெனவே தவறான கழிவு காட்டியவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திராமல், ஆடிட்டரைக் கலந்து கணக்கைத் திருத்திக்கொள்வது நல்லது.

நம் வருமானத்தையும் செலவையும் தூய்மையாக்கி வைக்க அல்லாஹ் அருள்புரிவானாக.