நடுங்காத வில்

கற்றவர்க்கும் அவையைக் கண்டால் அச்சம் வரும். அதனால்தான் திருக்குறளின் 73ஆம் அதிகாரத்திற்கு 'அவை அஞ்சாமை' என்று பெயர் அமைந்தது. இசைக் கலைஞர்க்கும் இவ்வச்சம் உண்டு. ரேணிகுண்டாவை அடுத்த திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் இசை நடனக் கல்லூரியில் வயலினும் வீணையும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றைப் பயிலும் எவரும் என்றேனும் ஒருநாள் மேடை ஏற வேண்டும்.

வீட்டில் பிழையின்றி வாசிப்பவருக்கும் மேடையில் உள்ளங்கை வியர்க்கலாம், விரல்கள் குளிரலாம், வில் தந்தியின்மேல் துள்ளலாம். இது திறமைக் குறைவன்று. அச்சத்தின்போது உடலில் அட்ரினலின் என்னும் நீர் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. தப்பி ஓடுவதற்கு இவ்விறுக்கம் உதவும், இசைப்பதற்கோ தடையாகும். நடுக்கத்தை அடக்க எண்ணி வில்லை இறுகப் பிடித்தால், நடுக்கம் மிகுமேயன்றிக் குறையாது.

மேலைநாட்டு வயலினைக் கருநாடக இசையில் புகுத்திய முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859). மேலைநாட்டார் வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் இடையில் வைத்து வாசிப்பர். கருநாடக இசைக் கலைஞர்களோ தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலப் பாதத்தின்மீது ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொள்வர். கருவியின் சுமையைக் காலும் மார்பும் தாங்குகின்றன. ஆதலால் இடக்கை அதனை இறுகப் பற்ற வேண்டியதில்லை. விரல்கள் தந்தியில் தடையின்றி வழுக்கிச் சென்று கமகங்களை எழுப்புகின்றன.

மனத்தைப் பழக்கவும் வழிகள் உண்டு. மேடை ஏறுமுன் தோள்களைத் தளர்த்தி, மூச்சை மெல்ல வெளிவிட வேண்டும். தம்புராவின் சுருதியைக் கேட்டபடி ஒரே சுரத்தை முழு வில்லில் நீட்டி வாசித்தால் கையும் செவியும் ஒன்றுபடும். கச்சேரியைப் பெரும்பாலும் வர்ணத்தில் தொடங்குவதும் இதற்குத் துணைசெய்கிறது. நன்கு பழகிய பாடலில் விரல்கள் எளிதில் இயங்கும். முதலில் வீட்டார் முன்னும், பின்னர் வகுப்பிலும், அதன்பின் விழாவிலும் வாசிப்பவருக்கு அவை படிப்படியாகப் பழகிவிடும்.

அச்சம் முற்றிலும் நீங்கிய பின்னரே வாசிக்க வேண்டும் என்பதில்லை. பிடியைத் தளர்த்தக் கற்றவர், அச்சம் இருக்கும்போதே இனிமையாக வாசிப்பார்.

சொல்லும் பொருளும்
அவை – கற்றோர் கூடிய இடம்
கமகம் – சுரத்தை அசைத்தும் இழைத்தும் இசைக்கும் முறை
சுருதி – பாட்டிற்கு அடிப்படையான ஒலி